பெயர்கள் வேறு, பாதை ஒன்றா? மூளை நோய்களில் நரம்பணு அழியும் விதம்

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் எக்ஸெனடைடு என்ற ஊசி மருந்தைப் பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2017இல் வெளியான சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. 2025இல் வெளியான பெரிய, மூன்றாம் கட்ட ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. இந்தச் செய்தியைப் படித்த பலருக்கு எழுந்த கேள்வி நியாயமானது. சர்க்கரை மருந்தை ஏன் மூளை நோய்க்குச் சோதிக்க வேண்டும்?

இன்னொரு பக்கம், "அல்சைமர், பார்க்கின்சன், ஏஎல்எஸ் மூன்றுக்கும் ஒரே காரணம் கண்டுபிடிப்பு" என்கிற மாதிரித் தலைப்புகள் அவ்வப்போது வருகின்றன. ஒரே காரணம் என்றால் ஒரே மருந்து போதுமே, ஏன் இன்னும் வரவில்லை என்று வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள்.

இரண்டு கேள்விக்கும் விடை ஓர் இடத்தில்தான் இருக்கிறது. இந்த நோய்கள் வேறு வேறு வாசல் வழியாக நரம்பணுவுக்குள் நுழைகின்றன. நுழைந்த பிறகு உடைவது மட்டும் பெரும்பாலும் அதே சில உறுப்புகள். அந்த உடைப்புகள் ஒன்றையொன்று தூண்டிவிடுவதால்தான் ஒன்றை மட்டும் சரிசெய்யும் மருந்து தடுமாறுகிறது. இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில், எந்தெந்த நோய்கள்?

நரம்பணுக்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதைந்து அழிவதால் வரும் நோய்களை நரம்புச்சிதைவு நோய்கள் என்கிறோம். பக்கவாதம் இதில் சேராது. அதில் ரத்த ஓட்டம் நின்று நிமிடங்களில் அணுக்கள் சாகின்றன. நாம் பேசப்போவது முக்கியமாக நான்கு நோய்களை.

1. அல்சைமர். நினைவு சார்ந்த பகுதிகளில் தொடங்குகிறது. அணுக்களுக்கு வெளியே அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துண்டு திட்டுத் திட்டாகப் படிகிறது. உள்ளே டௌ என்ற புரதம் முறுக்கிக்கொண்டு சிக்கலாகிறது. அலாய்ஸ் அல்சைமர் 1906இல் முதன்முதலாக விவரித்ததும் இந்த இரண்டையும்தான்.

2. பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம். நடுமூளையில் கரும்பொருள் எனப்படும் சிறு பகுதியில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. உள்ளே ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் உருண்டையாகத் திரள்கிறது. அந்த உருண்டைகளுக்கு லூயி உடல்கள் என்று பெயர்.

3. ஏஎல்எஸ். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. கை, கால், பேச்சு, கடைசியில் மூச்சு என்று தசைகள் செயலிழக்கின்றன. பெரும்பாலான நோயாளிகளிடம் டிடிபி-43 என்ற புரதம் இருக்க வேண்டிய இடத்தை விட்டு விலகித் திரண்டு கிடக்கிறது.

4. ஹண்டிங்டன். பெற்றோரிடமிருந்து வரும் ஒரே ஒரு மரபணுக் கோளாறு. டிஎன்ஏவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து அளவுக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது. 40 முறைக்கு மேல் இருந்தால் நோய் வருவது ஏறக்குறைய உறுதி.

இந்தப் பிரிவினை நோயாளியிடம் தெரிந்த அறிகுறியையும் நுண்ணோக்கியில் தெரிந்த புரதத்தையும் வைத்துச் செய்தது. இயற்கை இவ்வளவு சுத்தமாகக் கோடு போடவில்லை. வயதானவர்களின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்தால் அமிலாய்டு, டௌ, சைனூக்ளின், டிடிபி-43 ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து கிடப்பது மிகச் சாதாரணம். 2011இல் கண்டறிந்த சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுப் பிறழ்வு இன்னும் தெளிவான சான்று. ஒரே குடும்பத்தில், ஒரே பிறழ்வு உள்ள இருவரில் ஒருவருக்கு ஏஎல்எஸ் வருகிறது, இன்னொருவருக்கு முன்மூளையைத் தாக்கும் மறதி நோய் வருகிறது. சிலருக்கு இரண்டுமே.

நரம்பணு ஏன் இவ்வளவு எளிதில் உடைகிறது?

தோல், குடல், கல்லீரல் அணுக்கள் பழுதானால் புதியவை பிறந்து அந்த இடத்தை நிரப்பும். நரம்பணுவுக்கு அந்த வசதி கிட்டத்தட்ட இல்லை. 80 வயதில் உங்கள் தலைக்குள் வேலை செய்யும் நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை நீங்கள் பிறந்தபோதே இருந்தவை. பிரிந்து பெருகும் அணு தன்னிடம் சேர்ந்த கழிவைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டு நீர்க்கச் செய்துவிடும். நரம்பணு பிரியாது. சேர்ந்தது சேர்ந்ததுதான், அகற்றினால்தான் போகும்.

அடுத்தது நீளம். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை செல்லும் ஒரு நரம்பணுவின் இழை, அதாவது ஆக்ஸான், ஒரு மீட்டர் வரை நீளும். அதன் உடல் பகுதியோ ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம். புரதம் பெரும்பாலும் உற்பத்தியாவது உடலில், தேவைப்படுவது ஒரு மீட்டர் தள்ளி. டோபமைன் அணு நீளத்தில் அவ்வளவு இல்லை, ஆனால் கிளை விடுவதில் அசாத்தியம். ஓர் அணுவே லட்சக்கணக்கான இணைப்புகளைப் பராமரிக்கிறது.

மூன்றாவது ஆற்றல் பசி. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் அது எடுத்துக்கொள்வது சுமார் 20 சதவீதம். அதில் பெரும்பங்கு ஒரே வேலைக்குப் போகிறது: சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகளை அவை இருக்க வேண்டிய பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப இறைத்துத் தள்ளுவது. இறைப்பது நின்றால் அணு பிழைக்காது.

நீண்ட ஆயுள், நீண்ட இழை, தீராத பசி. கீழே வரும் ஒவ்வொரு கோளாறும் இந்த மூன்றில் ஒன்றையாவது பிடித்துக்கொண்டுதான் பெரிதாகிறது.

புரதம் மடங்கும் விதம் தப்பும்போது

புரதம் என்பது அமினோ அமிலங்களின் நீண்ட சங்கிலி. அது சரியான வடிவத்தில் மடங்கினால்தான் வேலை செய்யும். மடிப்பு தப்பினால் உள்ளே மறைந்திருக்க வேண்டிய ஒட்டும் பகுதிகள் வெளியே தெரியும். அப்படிப்பட்ட இரண்டு புரதங்கள் சந்தித்தால் ஒட்டிக்கொள்ளும், பிறகு மூன்றாவது, நான்காவது. நுண்ணோக்கியில் தெரியும் பெரிய திரட்டு இந்தக் கதையின் கடைசிக் கட்டம். அதற்கு முன் உருவாகும் சிறு கொத்துகள்தான் சவ்வுகளையும் இணைப்புகளையும் அதிகம் சேதப்படுத்துகின்றன என்பதற்குப் பல ஆய்வகச் சான்றுகள் உள்ளன. பெரிய திரட்டு ஓரளவு பாதுகாப்பாகக் கூட இருக்கலாம், தொல்லை தரும் கொத்துகளை ஓர் இடத்தில் அடைத்து வைப்பதால்.

இங்கே இரண்டு விதமான கெடுதல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, திரண்ட புரதம் புதிதாகச் செய்யும் தீங்கு. மற்றொன்று, அந்தப் புரதம் பழைய வேலையைச் செய்யாமல் போவதால் வரும் நட்டம். டிடிபி-43 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது வழக்கமாக அணுக்கருவுக்குள் இருந்து, மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் வேலையைக் கண்காணிக்கிறது. ஏஎல்எஸ்ஸில் அது கருவை விட்டு வெளியேறி வெளியே திரள்கிறது. கருவில் கண்காணிப்பு இல்லாததால் செய்திகளில் தேவையற்ற துண்டுகள் நுழைந்துவிடுகின்றன. அப்படிக் கெட்டுப்போகும் செய்திகளில் ஒன்று ஸ்டாத்மின்-2 என்ற புரதத்துக்கானது. ஆக்ஸான் வளரவும் பழுதை ஆற்றிக்கொள்ளவும் அது வேண்டும். திரட்டைக் கரைத்தால் மட்டும் இந்த நட்டம் தீராது, டிடிபி-43 கருவுக்குத் திரும்பியாக வேண்டும்.

சரி, இந்தத் திரட்டு ஓர் அணுவோடு நிற்கிறதா? இல்லை. பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்குக் கருச்சிசுவிலிருந்து எடுத்த இளம் நரம்பணுக்களை மூளையில் பொருத்தியிருந்தார்கள். அவர்கள் இறந்த பிறகு, பொருத்தி 10 ஆண்டுகளுக்கு மேலான அந்த அணுக்களை ஆராய்ந்தவர்கள் அவற்றுக்குள்ளும் லூயி உடல்களைக் கண்டார்கள். 2008இல் வெளியான அந்த முடிவு துறையையே உலுக்கியது. நோயாளியின் உடலில் பிறக்காத, வயதில் இளைய அணுக்கள் அவை. அவற்றுக்கும் நோய் வந்துவிட்டது. தவறாக மடிந்த புரதம் அக்கம்பக்கத்து அணுக்குள் புகுந்து, அங்கே சரியாக இருக்கும் புரதத்தையும் தன் வடிவத்துக்கு மாற்றுகிறது என்பதே இதற்கு இன்று பரவலாக ஏற்கும் விளக்கம். ஸ்டான்லி புரூசினர் 1982இல் பிரியான் என்று பெயரிட்ட புரதம் செய்வதும் இதைத்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. அல்சைமர், பார்க்கின்சன், ஏஎல்எஸ் மூன்றும் நோயாளியைத் தொடுவதாலோ உடன் இருந்து பார்த்துக்கொள்வதாலோ தொற்றும் நோய்கள் அல்ல. பரவல் ஒரே மூளைக்குள், நரம்பு இணைப்புகளின் வழியே.

கழிவகற்றல் பின்தங்கும்போது

ஆரோக்கியமான அணுவிலும் புரதங்கள் தப்பாக மடிகின்றன. அவற்றை அகற்ற இரண்டு வழிகள் உண்டு. தனிப் புரதங்களுக்கு யுபிக்விட்டின் என்ற முத்திரையைக் குத்தி, புரோட்டியாசோம் என்ற கூண்டுக்குள் அனுப்பி நறுக்குவது ஒன்று. பெரிய திரட்டுகளையும் பழுதான உறுப்புகளையும் சவ்வால் சுற்றி, அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோமில் கொட்டிச் செரிப்பது மற்றொன்று. இரண்டாவதற்குத் தன்னுண்ணல் என்று பெயர். அதன் மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

எத்தனை வேறுபட்ட நோய்களின் மரபணுக்கள் இந்த ஒரு துறையில் வந்து விழுகின்றன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. காஷே என்ற அரிய பரம்பரை நோயை எடுத்துக்கொள்ளலாம். ஜிபிஏ-1 மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் அது வருகிறது. லைசோசோமில் ஒருவகைக் கொழுப்பைச் செரிக்கும் நொதி கிடைக்காமல் போகிறது. காஷே நோயாளிகளின் உறவினர்களில் பார்க்கின்சன் அதிகம் தென்படுவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 2009இல் பல நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகளிடம் இந்தப் பிறழ்வு மற்றவர்களைவிட 5 மடங்குக்கு மேல் காணப்பட்டது. ஏஎல்எஸ்ஸிலும் முன்மூளை மறதி நோயிலும் தன்னுண்ணல் தொடர்பான மரபணுக்கள் பல பிடிபட்டுள்ளன.

வயதும் இங்கேதான் நுழைகிறது. கழிவகற்றும் திறன் வயதோடு குறைகிறது. 30 வயதில் சமாளித்த அதே பிறழ்வு 60இல் நோயாக வெளிப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மைட்டோகாண்ட்ரியாவும் 1982இல் நடந்த ஒரு துயரமும்

அணுவின் ஆற்றல் உற்பத்தி நடக்கும் உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களைப் படிப்படியாகக் கடத்தி, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உருவாக்குகிறது. கடத்தும்போது சில எலக்ட்ரான்கள் கசிந்து ஆக்சிஜனோடு சேர்ந்தால், எதிர்ப்பட்டதையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகள் பிறக்கின்றன. இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

இந்த உறுப்பு பழுதானால் என்ன ஆகும் என்பதை ஒரு துயர நிகழ்வு காட்டிக்கொடுத்தது. 1982இல் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று உடல் இறுகி, அசையவோ பேசவோ முடியாத நிலையில் மருத்துவமனைக்கு வந்தார்கள். முதியோருக்கு வரும் முற்றிய பார்க்கின்சன் அப்படியே சில நாட்களில் வந்தது போன்ற நிலை. கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்திருந்ததை நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் உடன் இருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பொருள் மூளையில் செய்ததைப் பின்னர் படிப்படியாகக் கண்டறிந்தார்கள்:

1. எம்பிடிபி மூளைக்குள் எளிதில் நுழைகிறது. நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா அணுக்கள் அதை எம்பிபி பிளஸ் என்ற நச்சாக மாற்றுகின்றன.
2. டோபமைனை உள்ளே இழுக்கும் வாயில், உருவ ஒற்றுமையால் ஏமாந்து இந்த நச்சையும் இழுத்துக்கொள்கிறது. ஆகவே டோபமைன் அணுக்களில்தான் அது குவிகிறது.
3. உள்ளே போனதும் மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்தலில் முதல் கட்டத்தைத் தடுக்கிறது. ஆற்றல் வீழ்கிறது, துருப்பிடிக்க வைக்கும் மூலக்கூறுகள் பெருகுகின்றன, அணு சாகிறது.

பொதுவான ஒரு பழுது, குறிப்பிட்ட ஓர் அணுவை மட்டும் கொல்வது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பழுது பொதுவானது, வாயில் அந்த அணுவுக்கே உரியது.

மரபணுக்களும் இதையே உறுதிப்படுத்தின. இளம் வயதில் பார்க்கின்சன் வரும் குடும்பங்களில் பார்க்கின், பிங்க்-1 என்ற இரண்டு மரபணுக்கள் பழுதாகியிருந்தன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அடையாளம் காட்டுவது பிங்க்-1, முத்திரை குத்திக் கழிவுக்கு அனுப்புவது பார்க்கின். ஆக, ஆற்றல் பிரச்சினையும் கழிவகற்றல் பிரச்சினையும் இங்கே ஒரே இடத்தில் கைகோத்து நிற்கின்றன. எக்ஸெனடைடு கேள்விக்கும் இங்கே விடை கிடைக்கிறது. அந்த மருந்து ஒட்டும் ஏற்பிகள் மூளையிலும் உண்டு. ஆய்வகத்திலும் விலங்குகளிலும் அது நரம்பணுக்களைக் காத்து, அழற்சியைக் குறைத்தது. அதனால்தான் சோதித்தார்கள்.

கால்சியமும் குளூட்டமேட்டும்

நரம்பணுவுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் அடர்த்தி உள்ளே இருப்பதைப் போல் சுமார் 10,000 மடங்கு. கொஞ்சம் உள்ளே நுழைந்தாலே அது ஒரு கட்டளை. இணைப்பை வலுப்படுத்து, வேதித்தூதுவரை வெளியிடு என்றெல்லாம் அணுவுக்குச் சொல்லும். அளவு மீறி நுழைந்து வெளியேறாமல் நின்றால், புரதங்களையும் சவ்வையும் அறுக்கும் நொதிகளை எழுப்பிவிடும்.

அந்தக் கதவைத் திறக்கும் முக்கியத் தூதுவர் குளூட்டமேட். ஓர் அணு இன்னோர் அணுவைத் தூண்ட மூளை அதிகம் பயன்படுத்தும் பொருள் அது. அளவுக்கு மிஞ்சிய தூண்டுதலால் நரம்பணு சாவதற்கு 1969இல் ஜான் ஓல்னி ஒரு பெயரே வைத்தார். தமிழில் தூண்டல் நச்சு எனலாம். வேலை முடிந்த குளூட்டமேட்டை உறிஞ்சி அகற்றுவது ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா அணுக்களின் பொறுப்பு. ஏஎல்எஸ்ஸில் அவற்றின் உறிஞ்சும் புரதம் குறைந்துபோகிறது. 1995இல் ஏஎல்எஸ்ஸுக்கு முதல் மருந்தாக வந்த ரிலுசோல் குளூட்டமேட் வெளியேறுவதைக் குறைக்கும். ஆயுளைச் சில மாதங்கள் நீட்டியது, நோயை நிறுத்தவில்லை. அல்சைமருக்குத் தரும் மெமன்டைனும் குளூட்டமேட் கதவை ஓரளவு அடைப்பதுதான்.

இழை முதலில், உடல் பிறகு

நீண்ட ஆக்ஸானுக்குள் நுண்குழல்கள் தண்டவாளம் போல ஓடுகின்றன. அவற்றின் மேல் கினேசின், டைனீன் என்ற இயங்குபுரதங்கள் சரக்கைச் சுமந்து நடக்கின்றன. வேகமான சரக்கு ஒரு நாளில் 40 சென்டிமீட்டர் வரை போகும். டௌ புரதத்தின் இயல்பான இடம் இந்த நுண்குழல்தான். அல்சைமரில் அது குழலை விட்டுக் கழன்று தனியே சிக்கலாகிறது. ஆற்றல் குறைந்தால் சரக்கு நகராது. சரக்கு நகராவிட்டால் தொலைவில் இருக்கும் முனைக்குப் புதிய மைட்டோகாண்ட்ரியா போய்ச் சேராது.

இதனால் சாவு பெரும்பாலும் முனையிலிருந்து தொடங்கி உடலை நோக்கி வருகிறது. ஏஎல்எஸ்ஸில் தசையோடு சேரும் முனை முதலில் கழல்கிறது. அல்சைமரில் அறிவுத்திறன் குறைவதோடு மிக நெருக்கமாக ஒத்துப்போவது இணைப்புகளின் இழப்பு. அமிலாய்டுத் திட்டுகளின் எண்ணிக்கை அவ்வளவு ஒத்துப்போவதில்லை.

ஆக்ஸான் தானாக நலிந்து உதிர்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். அது ஒரு திட்டமிட்ட அழிப்பு என்று இப்போது தெரிகிறது. சார்ம்-1 என்ற நொதி விழித்துக்கொண்டால் ஆற்றலுக்குத் தேவையான என்ஏடி என்ற மூலக்கூறைக் கடகடவென்று தீர்த்துவிடும். சார்ம்-1 இல்லாத எலிகளில், வெட்டிய ஆக்ஸான்கூட வாரக்கணக்கில் சிதையாமல் நிற்கிறது. அழிவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது என்றால் அதை அணைக்கவும் முடியலாம். அந்த நோக்கில் மருந்துகள் உருவாகி வருகின்றன.

பக்கத்தில் நிற்கும் அணுக்கள்

மூளையில் நோய் எதிர்ப்பு வேலை செய்யும் மைக்ரோகிளியா அணுக்கள் கழிவையும் செத்த அணுக்களையும் விழுங்கித் துப்புரவு செய்கின்றன. நெடுங்காலம் தூண்டப்பட்டே கிடந்தால் அவை அழற்சிப் பொருட்களைச் சுரந்து நல்ல இணைப்புகளையும் சேதப்படுத்தத் தொடங்கும். இவை வேடிக்கை பார்ப்பவை அல்ல என்பதற்கு இரண்டு சான்றுகள். ட்ரெம்-2 மரபணுவில் வரும் ஓர் அரிய மாற்றம் அல்சைமர் ஆபத்தைப் பல மடங்கு உயர்த்துவதை 2013இல் கண்டறிந்தார்கள். மூளையில் அந்த மரபணு வேலை செய்வதே மைக்ரோகிளியாவில்தான். அப்புறம், ஏஎல்எஸ் உண்டாக்கும் எஸ்ஓடி-1 பிறழ்வு கொண்ட எலிகளில் மைக்ரோகிளியாவிலிருந்து மட்டும் பிறழ்வை நீக்கினார்கள். நரம்பணுக்களில் பிறழ்வு அப்படியே இருந்தும் நோய் மெதுவாக நகர்ந்தது.

அழற்சி எப்போதுமே கெட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடக்கத்தில் உதவும் அதே வினை பிற்பாடு கெடுக்கிறது. அழற்சியை மொத்தமாக அடக்கும் மருந்துகள் அல்சைமரில் தோற்றதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்லாம் சேர்ந்து சுழலும் விதம்

மேலே தனித்தனியாகச் சொன்னவை அணுவுக்குள் தனித்தனியாக நடப்பதில்லை. ஒரு சாத்தியமான ஓட்டம் இப்படி இருக்கும்:

1. லைசோசோம் பின்தங்குகிறது. ஆல்ஃபா சைனூக்ளின் தேங்குகிறது.
2. தேங்கியது திரண்டு மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஒட்டுகிறது. ஆற்றல் குறைகிறது.
3. கால்சியத்தை வெளியே இறைக்க ஆற்றல் போதவில்லை. உள்ளே கால்சியம் உயர்கிறது.
4. உயர்ந்த கால்சியத்தை மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சிக்கொண்டு மேலும் பழுதாகிறது.
5. பழுதானவற்றை அகற்றும் சுமையும் ஏற்கெனவே திணறும் லைசோசோம் மேலேயே விழுகிறது.
6. வெளியே கசிந்த திரட்டு மைக்ரோகிளியாவை உசுப்புகிறது. அது சுரக்கும் பொருட்கள் ஆக்சிஜனேற்றத்தைக் கூட்டுகின்றன. திரள்வது இன்னும் வேகமாகிறது.

ஐந்தாவது படி முதல் படிக்கே திரும்பிவிட்டது. இது சங்கிலி அல்ல, வளையம். ஹண்டிங்டன் மரபணு வழியாக இதற்குள் நுழைகிறது, எம்பிடிபி இரண்டாவது படிக்கு அருகில் நுழைகிறது, தலைக்காயம் இணைப்பும் இழையும் அறுவதில் நுழைகிறது. உள்ளே வந்தபின் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். "ஒரே காரணம்" என்ற தலைப்பு தவறாகும் இடம் இதுதான். பொதுவாக இருப்பது தொடக்கக் காரணம் அல்ல, தொடர்ந்து சிதைக்கும் இயக்கம்.

பொதுவான பழுதென்றால் நோய்கள் ஏன் வேறு?

ஹண்டிங்டன் நோயில் பழுதாகும் மரபணு உருவாக்கும் ஹண்டிங்டின் புரதம் உடலின் எல்லா அணுக்களிலும் இருக்கிறது. ஆனாலும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் ஒருவகை அணுக்கள்தான் முதலில் சாகின்றன. ஏஎல்எஸ்ஸில் கை, கால் தசைகள் செயலிழந்த பிறகும் கண்ணை அசைக்கும் நரம்பணுக்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. கண்ணசைவால் கணினியை இயக்கிப் பேச நோயாளிகளுக்கு முடிவது அதனால்தான்.

விடை அணுவின் அன்றாட வாழ்க்கையில் இருக்கிறது. கரும்பொருளின் டோபமைன் அணுக்கள் யாரும் தூண்டாமலே இடைவிடாமல் துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் நுழைகிறது. டோபமைனே எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் பொருள். அதோடு அந்தப் பிரம்மாண்டமான கிளைப்பரப்பு. ஆற்றல் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் தள்ளாடுவது இவைதான். நடுக்கமும் இறுக்கமும் வெளியே தெரியும் நேரத்தில் இவற்றில் பாதியளவு ஏற்கெனவே போயிருக்கும்.

ஹண்டிங்டனில் இன்னொரு வியப்பு. பிறக்கும்போது 42 முறை இருந்த சிஏஜி, குறிப்பாக ஸ்ட்ரையேட்டத்தின் அணுக்களில் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் புரதங்களே தவறி அதை நீட்டுகின்றன. 2025இல் வெளியான ஆய்வு, சுமார் 150ஐத் தாண்டிய பிறகுதான் அணு வேகமாகச் சீரழிகிறது என்று காட்டியது. நடுவயது வரை நோய் ஏன் காத்திருக்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம். மரபணு பிறவியிலேயே வந்தாலும் ஒவ்வோர் அணுவுக்கும் பல பத்தாண்டுகள் அவகாசம் இருந்திருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

மருந்துச் செய்திகளைப் படிக்கும்போது

வளையத்தின் ஒரு புள்ளியை மட்டும் தொட்ட முயற்சிகள் வரிசையாக ஏமாற்றின. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள், பார்க்கின்சனின் வேகம் குறையவில்லை. கோஎன்சைம் கியூ10, கிரியேட்டின் என்று ஆற்றலைக் குறிவைத்தவையும் பெரிய ஆய்வுகளில் தோற்றன. கால்சியக் கதவை அடைக்கும் இஸ்ராடிபின் தோற்றது. இந்த இயக்கமுறைகளின் பெயரைச் சொல்லியே பல துணை மாத்திரைகள் விற்கப்படுகின்றன. இயக்கமுறை உண்மை, ஆனால் அந்த மாத்திரை நோயை நிறுத்தும் என்பதற்கு அது சான்றாகாது. பணத்தையும் நம்பிக்கையையும் அதில் கொட்டும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

வெற்றி என்று சொன்னவற்றையும் அளந்து பார்க்க வேண்டும். அமிலாய்டை அகற்றும் லெகனமாப், 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. 18 மாதங்களில் நோயின் நகர்வை 27 சதவீதம் மெதுவாக்கியது. 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 புள்ளி. சிலருக்கு மூளையில் வீக்கமும் சிறு ரத்தக்கசிவும் வருகின்றன. திட்டுகள் பெருமளவு நீங்கியும் நோய் நிற்கவில்லை. வளையம் அதற்குள் அமிலாய்டு இல்லாமலே சுழலத் தொடங்கியிருக்கலாம்.

எனவே ஒரு புதிய செய்தி வந்தால் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். சோதனை எதில் நடந்தது, அணுவிலா, எலியிலா, மனிதரிலா? நோயின் எந்தக் கட்டத்தில் மருந்து தொடங்கினார்கள்? குறைந்தது புரதமா, அல்லது நோயாளியின் தினசரி இயக்கத்தில் மாற்றம் தெரிந்ததா?

இரண்டாவது கேள்விதான் இப்போது துறையையே நகர்த்துகிறது. ஆக்ஸான் உடையும்போது அதன் உள்கட்டுமானப் புரதமான நியூரோஃபிலமென்ட் இலகுச் சங்கிலி ரத்தத்தில் கசிகிறது. எந்த நோய் என்று அது சொல்லாது, இழைகள் உடைகின்றன என்று மட்டும் சொல்லும். எல்லா நோய்களுக்கும் பொதுவான சிதைவு என்பதால் பொதுவான அளவீடும் கிடைத்திருக்கிறது. எஸ்ஓடி-1 பிறழ்வால் வரும் ஏஎல்எஸ்ஸுக்கான டோஃபர்சென் 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதும் இந்தப் புரதத்தின் அளவு குறைந்ததை முக்கிய ஆதாரமாகக் கொண்டுதான். 6 மாத ஆய்வில் தசை வலிமையில் தெளிவான வித்தியாசம் அப்போது தெரியவில்லை.

அதே மருந்தை வைத்து அட்லஸ் என்ற இன்னோர் ஆய்வு நடக்கிறது. அதில் சேர்பவர்களுக்கு எஸ்ஓடி-1 பிறழ்வு உண்டு, ஆனால் நோய் அறிகுறி எதுவும் கிடையாது. அவர்களுடைய ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் அளவைத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். அது உயரத் தொடங்கியதும், கையோ காலோ தளர்வதற்கு முன்பே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள்.